வெண்கலத்தை இளப்பமாகப் பேசுகிறவர்களுக்கு

பாரிஸ் ஒலிம்பிக்கில் 2024 ஆகஸ்ட் 8 அன்று ஸ்பெயினை 2-1 என்று வென்று இந்திய ஆண்கள் ஹாக்கி அணி வெண்கலம் வாங்கியது. டோக்கியோ வெண்கலத்தையும் சேர்த்தால் அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கில் பதக்கம். 1968, 1972-க்குப் பிறகு இப்படி நடந்ததே இல்லை. கொண்டாடி முடிப்பதற்குள் வழக்கமான முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. மூன்றாம் இடத்துக்கா இத்தனை மேளதாளம், தியான்சந்த் காலத்தில் ஜெர்மனிக்கு அதன் சொந்த மண்ணிலேயே எட்டு கோல் போட்டவர்கள் அல்லவா நாம், எட்டுத் தங்கம் வாங்கிய நாடு வெண்கலத்துக்கு ஊர்வலம் போவதா என்றெல்லாம்.

இது டீக்கடையோடு நின்றால் எழுதவே வேண்டியதில்லை. தியான்சந்த் பிறந்த ஆகஸ்ட் 29-ஐத் தேசிய விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறோம். அன்று மேடையேறுகிற பெரியவர்களில் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். பத்தி எழுதுகிறவர்களும் சொல்கிறார்கள். ஹாக்கி மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள் இன்னும் உரக்கச் சொல்கிறார்கள். அன்று ஆடியவர்கள் மேதைகள், இன்று ஆடுகிறவர்கள் வெறும் ஓட்டக்காரர்கள். வெள்ளைக்காரன் செயற்கைத் தரையைப் போட்டு நம் கலையைக் கொன்றுவிட்டான். கூட்டிக் கழித்தால் இதுதான் அவர்கள் வாதம். இதில் எதுவும் உரசிப் பார்த்தால் தேறாது என்பது என் கட்சி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தியான்சந்த் மாபெரும் ஆட்டக்காரர். அதில் எனக்குத் தகராறு கிடையாது. அவர் மட்டையில் காந்தம் இருக்கிறதா என்று உடைத்துப் பார்த்தார்கள், வியன்னாவில் நான்கு கைகளோடு சிலை வைத்தார்கள் என்ற கதைகளில்தான் தகராறு. அவற்றுக்கு உருப்படியான ஆவணம் எதுவும் இல்லை. ஒரு நிஜமான மேதைக்கு இந்த ஜிகினா எதற்கு? கதைகளை நம்பிப் பழகியவர்கள்தான் கணக்கையும் பார்க்காமல் பேசுகிறார்கள்.

கணக்குக்கு வருவோம். 1928 ஆம்ஸ்டர்டாமில் ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. அதில் 14 தியான்சந்த் போட்டவை. எதிரே நின்றவர்கள் யார்? ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க், சுவிட்சர்லாந்து, இறுதியில் நெதர்லாந்து. 1908-இலும் 1920-இலும் தங்கம் வாங்கிய பிரிட்டன் அந்தப் பக்கமே வரவில்லை. 1932-இலும் வரவில்லை, 1936-இலும் வரவில்லை. (வந்திருந்தால் நாம் தோற்றிருப்போம் என்று சொல்லவில்லை. 1948-இல் லண்டனுக்கே போய் 4-0 என்று அடித்ததில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது.)

1932 லாஸ் ஏஞ்சல்ஸ்தான் இந்த விவகாரத்தின் உச்சம். உலகப் பொருளாதார மந்தம். கடல் கடந்து போக யாரிடமும் காசில்லை. ஹாக்கிக்கு மொத்தம் மூன்றே நாடுகள் வந்தன: இந்தியா, ஜப்பான், அமெரிக்கா. நாம் ஜப்பானை 11-1 என்றும் அமெரிக்காவை 24-1 என்றும் வென்றோம். இரண்டு ஆட்டம், ஒரு தங்கம். அமெரிக்கா ஜப்பானிடமும் 2-9 என்று தோற்றது. ஆடிய இரண்டிலும் தோற்ற அந்த அணிக்குக் கிடைத்தது வெண்கலம்.

அதன் பக்கத்தில் பாரிஸ் வெண்கலத்தை வைத்துப் பாருங்கள். பதின்மூன்று நாளில் எட்டு ஆட்டம். நியூசிலாந்தோடு 3-2, அர்ஜென்டினாவோடு 1-1, அயர்லாந்தோடு 2-0. டோக்கியோ சாம்பியனான பெல்ஜியத்திடம் 1-2 என்று தோல்வி. மறுநாளே ஆஸ்திரேலியாவை 3-2 என்று வீழ்த்தினார்கள். ஒலிம்பிக்கில் அவர்களை நாம் வென்றது 1972-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. பிறகு பிரிட்டனோடு காலிறுதி. அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

17-ஆவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. ஆட்டத்தில் இன்னும் 43 நிமிடம் பாக்கி. ஹாக்கியில் பத்துப் பேரோடு ஆடுவது எவ்வளவு கஷ்டம் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். எதிரணியில் எப்போதும் ஒருவன் காலியாக நிற்பான், பந்து அவனைத் தேடிப் போய்க்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, பெனால்டி கார்னரில் பந்தை அடிக்கிறவனை நோக்கி முதலில் பாய்கிறவரே ரோஹிதாஸ்தான். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற பந்தை உடம்பால் மறிக்கிற வேலை அது. அவர் இல்லாமல், கேப்டன் ஹர்மன்பிரீத் ஒரு பெனால்டி கார்னரில் கோல் போட்டு முன்னிலை தந்தார். பிரிட்டன் சமன் செய்தது. அதன்பின் கடைசி வரை பிரிட்டன் முட்டி மோதியும் நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைத் தாண்ட முடியவில்லை. சூட்-அவுட்டில் 4-2. தடை காரணமாக ரோஹிதாஸ் அரையிறுதியிலும் ஆட முடியாமல் போக, ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். அப்புறம்தான் ஸ்பெயின், அப்புறம்தான் வெண்கலம்.

லாஸ் ஏஞ்சல்ஸ் தங்கத்துக்கு ஈடாக இந்த வெண்கலத்தைத் தரச் சொன்னால் நான் தரமாட்டேன்.

பதக்கத்தின் நிறத்தை வைத்து ஆட்டக்காரனை எடை போடுவது எவ்வளவு அபத்தம் என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1928 முதல் 1956 வரை ஆறு ஒலிம்பிக். ஆறிலும் தங்கம் ஒரே நாட்டுக்கு. 2004 முதல் 2024 வரையிலும் ஆறு ஒலிம்பிக்தான். தங்கம் வாங்கியவர்கள் ஆஸ்திரேலியா, ஜெர்மனி, ஜெர்மனி, அர்ஜென்டினா, பெல்ஜியம், நெதர்லாந்து. ஐந்து நாடுகள். 1952 ஹெல்சிங்கியில் மூன்றே ஆட்டம் ஆடித் தங்கத்தோடு திரும்பினோம். இறுதியில் நெதர்லாந்துக்குப் போட்ட ஆறு கோலில் ஐந்தைப் பல்பீர் சிங் ஒருவரே போட்டார். அது பிரமாதமான சாதனை. இன்றும் யாரும் ஒலிம்பிக் இறுதியில் ஐந்து போடவில்லை. போடாததற்குக் காரணம் இன்றைய முன்வரிசைக்காரனுக்குக் கை வராதது அல்ல. எதிரே நிற்கிற நெதர்லாந்து அந்த நெதர்லாந்து அல்ல.

தியான்சந்தின் கோல் கணக்கையும் இப்படித்தான் பிரித்துப் படிக்க வேண்டும். 1935-இல் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா சுற்றுப்பயணத்தில் இந்திய அணி 48 ஆட்டங்களில் 584 கோல் போட்டது. அவர் மட்டும் 201. பெரும்பாலும் எதிரே நின்றவை மாகாண அணிகளும் ஊர் அணிகளும். இதை அவர் மறைக்கவில்லை. மறைப்பது அவருடைய பக்தர்கள். தான் ஆடியதிலேயே சிறந்த ஆட்டம் எது என்று கேட்டபோது அவர் 1936 பெர்லினைச் சொல்லவில்லை, ஆம்ஸ்டர்டாமையும் சொல்லவில்லை. 1933-இல் கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டத்தைச் சொன்னார். அவருடைய ஜான்சி ஹீரோஸ் அணியும் கல்கத்தா கஸ்டம்ஸ் அணியும் மோதியது அது. அவருக்குத் தெரிந்திருந்தது: தன்னைச் சோதித்தவர்கள் ஐரோப்பியர்கள் அல்ல, உள்ளூர்க்காரர்கள்தான். 1928 அணியைத் தேர்ந்தெடுக்கக் கல்கத்தாவில் மாகாணங்களுக்கு இடையே போட்டி வைத்தார்கள். அங்கே தேறி வருவதுதான் அன்றைக்கு நிஜமான உலகக் கோப்பை. அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக நின்றவர் என்பதால்தான் தியான்சந்த் மேதை. 24-1 அதற்குச் சாட்சி அல்ல. அந்த லாஸ் ஏஞ்சல்ஸில் அவரைவிட அதிக கோல் போட்டது அவர் தம்பி ரூப் சிங், 13-க்கு 12. கோல்தான் அளவுகோல் என்றால் ஆகஸ்ட் 29-ஐ விட்டுவிட்டு ரூப் சிங் பிறந்த நாளை அல்லவா கொண்டாட வேண்டும்? ரூப் சிங்குக்கு நாம் செய்த மரியாதை வேறு. குவாலியரில் அவர் பேர் வைத்த மைதானம் கிரிக்கெட் மைதானமாகிவிட்டது. 2010-இல் டெண்டுல்கர் ஒருநாள் ஆட்டத்தில் இரட்டைச் சதம் அடித்தது அங்கேதான். அன்று அந்தப் பெயரைக் கேட்டவர்களில் எத்தனை பேருக்கு அது ஹாக்கிக்காரர் பெயர் என்று தெரிந்திருக்கும்?

அப்புறம் ‘நாம்’ என்று சொல்கிறோமே, அதுவும் சரியா? அன்றைய இந்திய அணி இன்றைய இந்தியாவின் அணி அல்ல. பெர்லினில் ஆடிய அலி தாரா 1948-இல் பாகிஸ்தானுக்குக் கேப்டன். 1928 அணியில் ஆங்கிலோ இந்தியர்கள் பலர். கோலைக் காத்த ரிச்சர்ட் ஆலனும் அவர்களில் ஒருவர். சுதந்திரத்தை ஒட்டி அந்தச் சமூகத்தில் பெரும்பகுதி கப்பலேறியது. ஜபல்பூரில் பிறந்த எரிக் பியர்ஸும் அவர் சகோதரர்கள் நால்வரும் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார்கள். பஞ்சாபின் ஒரு பாதியையும் ஆங்கிலோ இந்தியர்களையும் இழந்த நாட்டின் அணியை, அவை எல்லாம் கையில் இருந்த காலத்து அணியோடு ஒப்பிட்டு, இவன் குறைந்துவிட்டான் என்கிறோம். எதிரணிகள் பலத்ததில் நம் விதையும் இருக்கிறது.

இனி அந்தச் செயற்கைத் தரைப் புராணம். கேட்கச் சுகமான புராணம், ஏனென்றால் அதில் நம் தப்பு எதுவும் இல்லை. 1976 மான்ட்ரியலில் முதன்முறையாக ஒலிம்பிக் ஹாக்கி செயற்கைத் தரையில் நடந்தது, நாம் ஏழாம் இடத்துக்குப் போனோம், அத்தோடு கதை முடிந்தது என்பார்கள். தேதிகளைப் பார்த்தால் கதை வேறு. 1960 ரோமில் பாகிஸ்தானிடம் தங்கத்தை இழந்தது புல்தரையில். 1968-இல் வெண்கலம், 1972-இல் வெண்கலம், எல்லாம் புல்தரையில். 1972 மியூனிக்கில் தங்கம் வாங்கியது மேற்கு ஜெர்மனி. ஐரோப்பியன் புல்லிலேயே நம்மையும் பாகிஸ்தானையும் தாண்டிவிட்டான். 1973 உலகக் கோப்பை இறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக இரண்டு கோல் முன்னிலை பெற்றும் கோட்டைவிட்டோம். அதுவும் புல்தான். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றோம், உண்மை. ஆனால் சரிவு அதற்கு ரொம்ப நாள் முன்பே தொடங்கிவிட்டது.

மறுபக்கமும் பாருங்கள். செயற்கைத் தரை நம் மணிக்கட்டு வித்தையைக் கொன்றது என்றால், அதே மணிக்கட்டு, அதே வித்தை, அதே புல்லில் வளர்ந்த பாகிஸ்தான் என்ன ஆகியிருக்க வேண்டும்? மான்ட்ரியலிலேயே அவர்கள் வெண்கலம் வாங்கினார்கள். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் தங்கம், 1994 சிட்னியில் உலகக் கோப்பை, இரண்டும் செயற்கைத் தரையில். நம்முடைய கடைசித் தங்கமான 1980 மாஸ்கோவும் செயற்கைத் தரையில் வாங்கியதே. தரை மாறியது யாருக்கும் இரவோடு இரவாகத் தெரியவந்த ரகசியம் அல்ல. மற்ற நாடுகள் ஊருக்கு ஊர் தரை போட்டபோது நம் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் கட்டாந்தரையில் பழகிவிட்டுப் போட்டிக்கு மட்டும் டர்ஃபில் இறங்கினார்கள். அந்த லட்சணத்தின் முடிவுதான் 2008. பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறவில்லை. 2012 லண்டனில் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவது. குற்றவாளி நிர்வாகம், தண்டனை ஆடுகிறவனுக்கு.

திறமை போய்விட்டது என்கிறார்களே, அதைப் பற்றி. மேடு பள்ளமான தரையில் துள்ளி வருகிற பந்தை மரமட்டையால் அடக்குவது பெரிய வித்தைதான். இன்றைய ஆட்டக்காரர்களில் எத்தனை பேரால் முடியும் என்று சொல்ல முடியாது. மாற்று ஆள் இல்லாமல் எழுபது நிமிடம் ஆடினார்கள். ஆஃப்சைடு விதி இருந்தது. இதெல்லாம் முன்னோர் பக்கத்தில் எழுத வேண்டிய வரவு, எழுதிவிட்டேன். ஆனால் வித்தை அந்த ஒன்றோடு முடிந்துவிடவில்லை. தொண்ணூறுகளில் ஆஃப்சைடை எடுத்த பிறகு மைதானத்தின் நீளம் முழுவதும் ஆட்டக்களமாகிவிட்டது. நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளியிருந்து தலைக்கு மேல் தூக்கி எறிகிற பந்தை, ஓடிக்கொண்டே மட்டையால் காற்றில் ஏந்தி, காலடியில் இறக்காமலே அடுத்தவனைத் தாண்டுகிறான் இன்றைய பையன். அவனுக்கு யோசிக்க நேரமே இல்லை. பந்து வருவதற்குள் இரண்டு பேர் அவன் மேல் விழுந்திருப்பார்கள். அன்றைய படச்சுருள்களில் பந்து வைத்திருப்பவனைச் சுற்றி எவ்வளவு காலி இடம் என்று பாருங்கள்.

கோல்கீப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘டி’ வட்டத்தின் விளிம்பு கோலிலிருந்து 14.63 மீட்டர். அங்கிருந்து மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் டிராக் ஃபிளிக் வந்தால் கோலை அடைய ஆகும் நேரம் ஏறக்குறைய அரை நொடி. நடுவில் ஏழெட்டு உடம்புகள் பார்வையை மறைக்கும். டோக்கியோவில் ஜெர்மனியோடு 1-3 என்று பின்தங்கி, 5-4 என்று முன்னேறி, ஆறேழு நொடி மிச்சமிருக்கும்போது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். ஸ்ரீஜேஷ் அதைத் தடுத்தார். நாற்பத்தோரு வருடத்துக்குப் பிறகு பதக்கம். ரிச்சர்ட் ஆலன் ஆம்ஸ்டர்டாமில் ஒரு கோலும் வாங்கவில்லை, வணக்கத்துக்குரிய சாதனை. ஆனால் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்கா அந்த ஒரு கோலைப் போட்டபோது அவர் கம்பத்துக்குப் பின்னால் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார் என்று பெருமையோடு சொல்வார்களே, அந்தக் கதை உண்மையோ பொய்யோ, எதிரணியின் லட்சணத்தை அதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

பதக்கக் கணக்கு யாரைக் காயப்படுத்துகிறது என்று கேட்டால் நான் தன்ராஜ் பிள்ளையைக் காட்டுவேன். புனேவை அடுத்த கட்கியில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை. பந்தோடு அவர் வலப்பக்கம் கிளம்பினால் அரங்கமே எழுந்து நிற்கும். 1998 பாங்காக் ஆசியப் போட்டியில் கேப்டனாக இருந்து 32 ஆண்டுக்குப் பிறகு தங்கம் வாங்கித் தந்தார். ஒலிம்பிக் பதக்கம் மட்டும் இல்லை. 2000 சிட்னியில் போலந்தோடு 1-0 என்று முன்னிலை. இரண்டே நிமிடம் தாக்குப் பிடித்தால் அரையிறுதி. போலந்து சமன் செய்துவிட்டது. பதக்கம்தான் அளவுகோல் என்றால், தங்கம் வாங்கிய அணியில் ஓரமாக இருந்தவரும் தன்ராஜைவிடப் பெரிய ஆட்டக்காரர் ஆகிவிடுவார். ஹாக்கி தெரிந்த யாராவது இதை ஒப்புக்கொள்வார்களா?

நம்மூர்க்காரர் விஷயத்திலும் நான் இதே தராசைத்தான் எடுக்க வேண்டும். மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன். தமிழ்நாட்டுக்கு அதைவிடப் பெரிய ஹாக்கிப் பெருமை கிடையாது. அங்கே ஆடியவை ஆறே அணிகள்; புறக்கணிப்பால் மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரேலியா, நெதர்லாந்து, பாகிஸ்தான் யாரும் வரவில்லை. தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று வென்றோம். இதைச் சொல்வதால் பாஸ்கரனின் தங்கம் பித்தளையாகிவிடாது. வந்தவர்களைத்தான் வெல்ல முடியும், அவர் வென்றார். இறுதியில் ஸ்பெயினோடு 4-3 என்பது விளையாட்டுக்கு நடந்த ஆட்டமும் அல்ல. ஆனால் அன்றைக்கு வராதவர்களை மன்னித்துக் கணக்கில் விட்டுவிடுகிற நாம், இன்றைக்கு வந்து நிற்கிறவர்களையும் கணக்கில் எடுக்க மறுப்பது எந்த நியாயம்?

ஆண்கள் வெண்கலம் வாங்கிய அதே டோக்கியோவில் பெண்கள் அணி நான்காம் இடம் பெற்றது. பதக்கம் இல்லை. நாடே அவர்களைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது, யாரும் முகம் சுளிக்கவில்லை. பெண்கள் ஹாக்கியில் ஒப்பிட்டு மட்டம் தட்ட ஒரு தியான்சந்த் இல்லாததால் அந்தப் பெண்கள் பிழைத்தார்கள். ஆண்கள் வெண்கலம் வாங்கிய மறுநாள், 2021 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, அரசு கேல் ரத்னா விருதுக்குத் தியான்சந்த் பெயரை வைத்தது. அவருக்கு அது தகும், எப்போதோ வைத்திருக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கிறவர்கள் ஜெயித்த மறுநாள்தான் அதற்கு நேரம் கிடைத்தது. அந்த தியான்சந்த் 1979-இல் டெல்லியில் அரசு மருத்துவமனையின் பொது வார்டில் இறந்தார் என்பதையும் மேடைப் பேச்சாளர்கள் சேர்த்தே சொல்லலாம்.

இந்த ஒப்பீட்டை நான் எதிர்ப்பதற்குப் பழைய கணக்கைத் தீர்ப்பது மட்டும் காரணமில்லை. கோவில்பட்டிச் செம்மண்ணில் ஆடிப் பழகுகிற பையன்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஊர் மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் இந்திய அணிக்கே ஆடினார்கள். 2023 ஆகஸ்டில் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை நடந்தது. இறுதியில் மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கியிருந்த இந்தியா 4-3 என்று வென்றது. அந்த அணியில் கார்த்தியும் இருந்தார். அப்படிப்பட்ட பையனிடம் போய், உன் காலத்தில் என்னடா ஹாக்கி இருக்கிறது என்று சொல்வதால் தியான்சந்துக்கு ஒரு கோலும் கூடப்போவதில்லை.

எல்லாக் காலத்துக்குமான ஓர் இந்திய அணியை என்னைப் போடச் சொன்னால் நடுமுன்னணியில் தியான்சந்த்; அதற்கு யோசிக்கவே வேண்டாம். பக்கத்தில் பல்பீர், வலப்பக்கம் தன்ராஜ், இடையே முகமது ஷாஹித். பெனால்டி கார்னருக்குப் பாரிஸில் பத்து கோல் போட்ட ஹர்மன்பிரீத். அவருக்கு நிகரான கை இந்தியப் பழங்கணக்கில் எனக்குத் தெரியவில்லை. கோலில் ஸ்ரீஜேஷ், ஆலன் அல்ல. உங்கள் அணி வேறாக இருக்கலாம், சண்டை போடலாம். அதற்கு முன் பாரிஸ் காலிறுதி ஆட்டத்தை ஒரே ஒரு தடவை முழுக்கப் பார்த்துவிட்டு வாருங்கள்.